ஏற்றத்தில் திணறும் ரோபோ

பாடசாலைக் கண்காட்சி என்றால் ரோபோ வைத்த மேசை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை தொற்றிக்கொண்டது. நல்ல ஆசைதான். அதிதி வருவார், நாடா வெட்டுவார், ரோபோ இரண்டடி ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அப்புறம் அது அலுமாரி மேல் ஏறும், இல்லாவிட்டால் அதன் மோட்டரைக் கழற்றி அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். ரோபோ செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. செய்ததைத் திருத்தத்தான் யாரும் விடுவதில்லை.

தெமோதரைப் பக்கம் ஒரு லயத்து இஸ்தோப்பில் பார்த்த ரோபோ அலுமாரிக்குப் போகாமல் தப்பியது. சாப்பாட்டுப் பெட்டியின் மூடிதான் உடம்பு. பின்னால் இரண்டு மஞ்சள் கியர் மோட்டர்கள். முன்சில்லு இருக்க வேண்டிய இடத்தில் ரோல்-ஆன் போத்தலின் பந்து உருள்கிறது. மூளை ஆர்டுயினோ ஊனோ போர்ட். அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். பற்றரி, செத்த லெப்டொப் ஒன்றிலிருந்து உருவி எடுத்த இரண்டு செல். (அப்படி எடுப்பதில் தீப்பற்றும் அபாயம் உண்டு. செல்லைச் சோதிக்கத் தெரியாதவர்கள் கைவைக்க வேண்டாம்.)

"சமதரையில நல்லா ஓடும் சேர். ஏத்தத்துல விட்டா எல்லாத்தையும் மறந்திருது" என்றார் அதைச் செய்த தம்பி, ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். உள்ளே கொழுந்துச் சாக்கை மடித்துக்கொண்டிருந்த அம்மா, "அது என்னதான் செய்யும்னு கேளுங்க" என்றார். "இன்னும் ஒண்ணும் செய்யாதும்மா." பதில் சிரிப்போடு வந்தது.

மறந்துவிடுகிறது என்று அவர் சொன்னது சரியான நோய்க்குறி. மேட்டில் சில்லு திணறும்போது மோட்டர் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். செல்களின் அழுத்தம் சட்டென்று விழும், போர்ட் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவர் பூட்டியிருந்த எல் 298 என்ற மோட்டர் இயக்கி வேறு 2 வோல்ட் அளவுக்குச் சூடாக்கியே தின்றுவிடுகிறது. இரண்டு செல் தருவதே 7.4 வோல்ட். மோட்டருக்கு மிஞ்சுவது ஐந்தும் சொச்சமும்தான். போர்டுக்குத் தனி மின்வழி, மோட்டர் முனையில் ஒரு கொள்ளளவி, அழுத்தத்தை அதிகம் தின்னாத புது வகை இயக்கி. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகுதான் அது லயத்து வாசல் சரிவில் ஏறியது. கொழும்பில் ஒரு மேசை மேல் ஓட விட்டிருந்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே பட்டிருக்காது.

மலை வேறு சிலதையும் காட்டிக்கொடுக்கிறது. கறுப்புக் கோட்டில் ஓடும் ரோபோ இரவில் பல்ப் வெளிச்சத்தில் பிசகாது. பகலில் முற்றத்துக்கு வந்தால் தடுமாறும். அதன் கண் பார்ப்பது அகச்சிவப்புக் கதிரை. வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால் கண் கூசிப்போகிறது. கறுப்பு அட்டையில் கூடு கட்டினால் பாதி சரியாகும். ஓடப்போகும் இடத்திலேயே உணரியின் அளவை மறுபடி பதிந்தால் மீதி. தூரம் பார்க்கும் மீயொலி உணரி விஷயத்தில் அதிர்ஷ்டம் நம் பக்கம். எல்லோரும் பிரதி பண்ணும் கணக்கு, ஒலி நொடிக்கு 340 மீற்றர் போவதாக வைத்துக்கொள்கிறது. அது ஏறக்குறைய 15 பாகை குளிருக்குரிய வேகம். பண்டாரவளைக் காலைக்குப் பொருந்தும், கொழும்பு வெயிலுக்குத்தான் பிசகும்.

இப்படித் திருத்தித் திருத்தித்தான் இந்தக் கலையே வளர்ந்தது. 1948–49இல் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர், எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்களைச் செய்தார். பழைய கடிகாரங்களிலிருந்தும் காஸ் மீற்றர்களிலிருந்தும் கழற்றிய பற்சக்கரம், இரண்டே இரண்டு வால்வு. வெளிச்சத்தைத் தேடிப் போகும், முட்டினால் விலகும். ஆனால் அடிக்கடி மக்கர் பண்ணின. அதனால் 1951இல் இன்னும் உறுதியாக ஆறு ஆமைகள் செய்யப்பட்டன. அந்த ஆண்டு பிரித்தானியப் பெருவிழாவில் ஊர் கூடிப் பார்த்தது இந்தத் திருத்திய ஆமைகளைத்தான்.

இங்கே நடுவர்கள் கேட்பதோ புதுசைத்தான். அதிலும் தோட்டத்துப் பிள்ளை என்றால் 'கொழுந்து பறிக்கும் ரோபோ' செய்யச் சொல்லாத ஆளில்லை. கைக்கு அடக்கமான பற்றரிக் கத்தரி மெஷின்கள் மலைக்கு வந்துவிட்டன. ஆனால் இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துப் பறிப்பதும், செங்குத்துச் சரிவில் நிற்பதும் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே கடினம். அட்டையில் ஒரு கை செய்து இலையைக் கிள்ளிக் காட்டினால் பரிசு கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. உண்மையான ரோபோவின் ஒன்றுவிட்ட தம்பி பல தேயிலை ஸ்டோர்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நிறம் பிரிக்கும் மெஷின் கெமராவால் தேயிலையைப் பார்த்து, காம்பையும் நாரையும் காற்றால் ஊதித் தள்ளுகிறது. உணரியோடு மல்லுக்கட்டிய கை அதைத் திறந்து பார்க்கலாம். அதை ஏன் ஒரு கண்காட்சியிலும் விளக்குவதில்லை?

கண்காட்சி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மேடைத் துணிவு எங்கே வரும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் சாமான் விலையையும் பார்க்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. அதற்கு முந்திய ஆண்டு 1,000 ரூபாய்க்கு வந்த தோட்ட நாட்சம்பளம் அப்படியே நின்றது. இறக்குமதிச் சாமானை வைத்து வருசத்துக்கு ஒரு புது ரோபோ என்பது அம்மாவின் கைக்காசைக் கரைக்கிற வேலை. பழையதைத் திருத்த ஒரு கொள்ளளவியும் கொஞ்சம் ஈயமும், மிஞ்சிப்போனால் ஒரு இயக்கியும் போதும்.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த வருசம் போன வருசத்து ரோபோவையே கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன பழுதானது, என்ன மாற்றினாய் என்று எழுதிய கொப்பிக்குப் பாதிப் புள்ளி கொடுங்கள். மைதானத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். ஏறி இறங்கியதற்கு மீதிப் புள்ளி. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இலிருந்து பதுளையிலேயே இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே ஒரு மேசையும் ஈயம் வைக்கும் கோலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால், தெமோதரைத் தம்பி இறங்கும்போது தலைகுப்புற விழுகிற அடுத்த கோளாறையும் பார்த்துவிடுவார்.