வேலை கடல் கடந்து போனால் சர்க்கார் என்ன செய்யும்?

ஓர் ஊரின் பெயர் வினைச்சொல்லாக மாறுவது அபூர்வம். பெங்களூருக்கு அந்தப் பெருமை, அல்லது பழி, வந்து சேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஒருவருக்கு உத்தியோகம் போய், அவர் செய்துவந்த வேலை வெளிநாட்டுக்குச் சென்றுவிட்டால், அவர் 'பெங்களூர் ஆக்கப்பட்டார்' என்று சொல்லும் வழக்கம் அங்கே உண்டாயிற்று. இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர் கையில் நியமன உத்தரவு கிடைத்தால், அங்கே ஒருவர் கையில் நீக்க உத்தரவு கிடைக்கிறது என்பது அதன் பொருள்.

இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சண்டை ஓயவில்லை. 2025 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்து செனட்டர் பெர்னி மொரேனோ ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டில் செய்யப்படும் வேலைக்காகக் கொடுக்கும் பணத்தின் மீது 25 சதவிகித வரி போட வேண்டும் என்பது அதன் சாரம். அதே மாதத்தில் ஜனாதிபதி டிரம்ப், புதிதாக எச்-1பி விசாவில் வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ள 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இவை கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் உரிய செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கம்பெனிகளின் வாசலில் காவல் நிற்பவர், கான்டீனில் சமைப்பவர், ஊழியர்களை இரவில் வீட்டில் கொண்டுபோய் விடும் டிரைவர், தரை துடைக்கும் பெண்மணி ஆகிய எல்லோருடைய சம்பளமும் அந்த வேலைகளோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து பெங்களூரில் பிழைக்கும் தமிழர்கள் அவர்களில் ஏராளம். எனவே, வேலை கடல் கடந்து போனபோது சர்க்கார்கள் என்ன செய்தன, அதனால் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வந்த வழி

முதலில் கடல் கடந்தது தொழிற்சாலை வேலை. துணி, காலணி, ரேடியோ, டெலிவிஷன் என்று அமெரிக்காவில் செய்யப்பட்ட சாமான்கள் கூலி குறைந்த நாடுகளில் செய்யப்படலாயின. மேஜை நாற்காலி உத்தியோகத்துக்கு ஆபத்தில்லை என்றே அப்போது நினைத்தார்கள்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி 1985-இல் பெங்களூரில் அலுவலகம் திறந்து, செயற்கைக்கோள் வழியாக வேலையை அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியது. 1996-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் குமாஸ்தா வேலைகளில் ஒரு பகுதியை மும்பைக்குக் கொண்டுவந்தது. 1997-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் குழுமம் குர்காவில் அலுவலகம் வைத்தது. கடலடிக் கேபிள்கள் பெருகி டெலிபோன் செலவு சரிந்தது. சம்பளமோ அமெரிக்காவில் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. அங்கே இரவானால் இங்கே பகல் என்பதும் கம்பெனிகளுக்கு அனுகூலமாயிற்று. கணக்கெழுதுவது, பில் சரிபார்ப்பது, டெலிபோனில் பதில் சொல்வது எல்லாம் கப்பலேறாமலே கடல் கடந்தன.

2002-இல் பாரெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், 2015-க்குள் 33 லட்சம் அலுவலக வேலைகள் அமெரிக்காவை விட்டுப் போய்விடும் என்று மதிப்பிட்டது. அந்த எண் பத்திரிகைக்குப் பத்திரிகை பரவியது. அரசியல்வாதிகள் விழித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாநிலங்களின் கதை

இந்தியானா மாநிலத்தில் நடந்தது விசித்திரமானது. வேலையில்லாதோருக்கு உதவித்தொகை வழங்கும் இலாகா, தன் கம்ப்யூட்டர்களைப் புதுப்பிக்க டெண்டர் விட்டது. டாட்டா கன்சல்டன்சியின் அமெரிக்கக் கிளை 1 கோடியே 52 லட்சம் டாலருக்கு அதை எடுத்தது. அடுத்த டெண்டரை விட இது 81 லட்சம் டாலர் குறைவு. வேலையற்றவர்களுக்கான இலாகாவின் வேலையே இந்தியக் கம்பெனிக்குப் போவதா என்று கூச்சல் எழுந்தது. 2003 நவம்பரில் கவர்னர் ஜோ கெர்னன் அந்தக் காண்ட்ராக்டை ரத்து செய்தார்.

நியூ ஜெர்ஸியில் ஏழைகளுக்கான உதவித் திட்டம் பற்றி விசாரிக்க டெலிபோன் செய்தவர்களுக்கு மும்பையிலிருந்து பதில் வந்தது. காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி வேலையை அங்கே மாற்றியிருந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் வேலை தேட வேண்டும் என்பது சர்க்கார் விதி. அவர்கள் செய்யக்கூடிய வேலையையே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை தேடச் சொல்வது என்ன நியாயம் என்று செனட்டர் ஷெர்லி டர்னர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அவருடைய மசோதா 2002 டிசம்பரில் மாநில செனட் சபையில் ஓர் எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் நிறைவேறியது. ஆனால் மறு சபையில் தேங்கிவிட்டது. மாநில சர்க்காரின் காண்ட்ராக்ட் வேலைகளை அமெரிக்காவுக்குள்ளேயே செய்ய வேண்டும் என்ற சட்டம் 2005-இல்தான் வந்தது. இதற்கிடையே அந்த டெலிபோன் வேலை மும்பையிலிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டது. செலவு கூடியது. திரும்பக் கிடைத்த வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2004, 2005 ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநில சபைகளில் இப்படிப்பட்ட மசோதாக்கள் வந்தன. பல நிறைவேறவில்லை. நிறைவேறியவையும் சர்க்கார் தன் பணத்தில் செய்விக்கும் வேலைகளை மட்டுமே கட்டுப்படுத்தின. வங்கி, இன்ஷூரன்ஸ், விமானம் போன்ற தனியார் கம்பெனிகள் வேலையை எங்கே அனுப்பினாலும் மாநிலங்களால் தடுக்க முடியாது. வெளிநாட்டு வர்த்தகம் அங்கே காங்கிரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வெளியேறிய வேலைகளில் பெரும் பங்கு இந்தத் தனியார் வேலைகளே.

வாஷிங்டனில் நடந்தது

2004 தேர்தல் ஆண்டு. ஜனாதிபதி புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் கிரிகரி மான்கிவ், வேலையை வெளிநாட்டில் செய்விப்பது சர்வதேச வியாபாரத்தின் ஒரு புதிய வகையே, காலப்போக்கில் நாட்டுக்கு நன்மைதான் என்ற கருத்தை வெளியிட்டார். ஆளும் கட்சிக்காரர்களே அவர் மீது பாய்ந்தார்கள். எதிர்த்து நின்ற ஜான் கெர்ரியோ, வேலையை வெளியே அனுப்பும் கம்பெனித் தலைவர்களை அமெரிக்க சரித்திரத்தில் துரோகி என்று பெயரெடுத்த பெனடிக்ட் ஆர்னால்டோடு ஒப்பிட்டார்.

பேச்சு இப்படி. சட்டம் எப்படி? அதே 2004 அக்டோபரில் 'அமெரிக்க வேலை உருவாக்கச் சட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. கம்பெனிகள் வெளிநாட்டில் குவித்து வைத்திருந்த லாபத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தால், 35 சதவிகிதத்துக்குப் பதில் 5.25 சதவிகித வரி கட்டினால் போதும் என்று சலுகை தரப்பட்டது. அந்தப் பணத்தில் வேலைகள் பெருகும் என்றார்கள். 2011-இல் செனட் உபகமிட்டி ஒன்று கணக்குப் பார்த்தது. அதிகப் பணம் கொண்டுவந்த 15 கம்பெனிகளில் மொத்தமாக 20,000-க்கு மேற்பட்ட வேலைகள் குறைந்திருந்தன. சட்டத்தின் பெயரில் மட்டுமே வேலை இருந்தது!

அடுத்து வந்த ஜனாதிபதி ஒபாமா 2009 மே மாதம் பேசுகையில், நியூயார்க் மாநிலத்து பபலோ நகரில் வேலை கொடுப்பவரை விட பெங்களூரில் வேலை கொடுப்பவருக்கு வரி குறைவாக இருப்பது தவறு என்று குறை கூறினார். 2010-இல் விசாவுக்கு 2,000 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. ஊழியர்களில் பாதிக்கு மேல் இத்தகைய விசாவில் உள்ள கம்பெனிகளே அதைக் கட்ட வேண்டும் என்று விதி அமைந்ததால், சுமை பெரும்பாலும் இந்தியக் கம்பெனிகள் மீது விழுந்தது. அந்தப் பணம் வேலையிழந்த அமெரிக்கருக்குப் போகவில்லை; மெக்சிகோ எல்லைக் காவலுக்குப் போயிற்று. 2015 டிசம்பரில் கட்டணம் 4,000 டாலராக உயர்ந்தது. 2016-இல் இந்திய சர்க்கார் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது.

காற்று மாறியது

இந்தியானாவின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 2017-இல் இன்போசிஸ் கம்பெனி அமெரிக்காவில் 10,000 அமெரிக்கர்களுக்கு வேலை கொடுக்கப்போவதாக அறிவித்து, முதல் மையத்துக்கு இந்தியானாவைத் தேர்ந்தெடுத்தது. அங்கே 2,000 பேருக்கு வேலை கொடுத்தால் சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர் வரிச் சலுகை தருவதாக மாநில சர்க்கார் முன்வந்தது. ஓர் இந்தியக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2003-இல் பிடுங்கிய காண்ட்ராக்டின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், விசாவைக் கடினமாக்கினால் ஆள் போவதுதான் நிற்கும். வேலை வருவது நிற்பதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே இங்கு அலுவலகம் திறக்கின்றன. நாஸ்காம் கணக்குப்படி 2024-இல் இந்தியாவில் இப்படிப்பட்ட மையங்கள் 1,700-க்கு மேல் இருந்தன. ஆகவேதான் இப்போது விசாவை விட்டு, பணம் போகும் வழியிலேயே வரி போடும் யோசனை கிளம்பியிருக்கிறது.

மறக்கப்பட்ட மனிதர்

இத்தனைக்கும் நடுவே வேலையிழந்த தொழிலாளியை நினைத்துப் போடப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. ஜனாதிபதி கென்னடி காலத்தில், 1962-இல், அது பிறந்தது. வெளிநாட்டு வியாபாரத்தால் நாடு முழுவதும் லாபம் அடைகிறது. நஷ்டமோ சிலர் தலையில் விழுகிறது. ஆகவே அந்தச் சிலருக்கு உதவித்தொகையும் புதுத் தொழிற்பயிற்சியும் தருவது நாட்டின் கடமை என்பது அதன் தத்துவம். நல்ல தத்துவம்.

ஆனால் 'சாமான்' உற்பத்தி செய்தவருக்கே உதவி என்று விதி இருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர் மனுப் போட்டால், நீங்கள் செய்தது சாமான் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் வாதாடிய பிறகு 2006-இல் அந்த நிலை தளர்ந்தது. 2009-இல்தான் அலுவலக வேலை செய்தவர்களும் முறைப்படி சேர்க்கப்பட்டார்கள். பிறகு சட்டத்தின் கெடு முடிந்தது. காங்கிரஸ் புதுப்பிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு அனுமதி வழங்குவது நின்றுபோனது. மேடைகளில் அதிகம் பேசப்படாத இந்த உதவிதான் தொழிலாளியின் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. அது நின்றபோது பெரிய கூச்சல் ஏதும் எழவில்லை.

இங்கே எப்படி?

அமெரிக்காக்காரன் வேலை நமக்கு வந்தால் நல்லது என்று சந்தோஷப்படுவது இயற்கை. ஆனால் மலிவு என்று வந்த வேலை, இன்னும் மலிவான இடம் கிடைத்தால் அங்கே போகும். டெலிபோனில் பதில் சொல்லும் வேலையில் 2010-ஐ ஒட்டி பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திக்கொண்டது. இப்போது இயந்திரமே பதில் சொல்லும் காலம். 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி தன் ஊழியர்களில் 2 சதவிகிதத்தை, அதாவது 12,000-க்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

'எங்கள் வேலை எங்களுக்கே' என்ற குரலுக்கும் கடல் ஒரு தடையில்லை. 2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவுக்குச் சம்மதம் தந்தது. தனியார் கம்பெனிகளின் நிர்வாகப் பதவிகளில் பாதியும், மற்ற வேலைகளில் அதைவிட அதிகமும் உள்ளூர்க்காரர்களுக்கே என்றது அது. கம்பெனிகள் எதிர்க்கவே சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஹரியானாவின் இதே மாதிரியான சட்டத்தை 2023 நவம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்திருந்தது. தமிழ்நாட்டிலும் 2021 தேர்தலில் தி.மு.க. இதுபோன்ற வாக்குறுதி அளித்தது. நியூ ஜெர்ஸிக்காரர் மும்பையைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, இங்கே ஒருவர் கிருஷ்ணகிரிக்காரரைப் பார்த்துக் கேட்கலாம். ஓசூரில் இன்னொருவர் பீகார்க்காரரைப் பார்த்துக் கேட்கலாம்.

வேலை போனால் இங்கே என்ன பாதுகாப்பு? 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில் மறுபயிற்சி நிதி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளி ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை முதலாளி அந்த நிதியில் கட்ட வேண்டும். அது தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும். 15 நாள் சம்பளத்தில் என்ன புதுத் தொழில் கற்க முடியும் என்பது வேறு விஷயம். குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுக்கப்பட்டவரின் கெடு முடிந்தால், சட்டத்தின் கணக்கில் அது ஆட்குறைப்பே அல்ல. காவலாளியும் கான்டீன் ஊழியரும் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள். மேலே உள்ள அலுவலகம் காலியானால், அவர்களைத் தங்கள் ஊழியர் என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்தக் கம்பெனி முன்வராது.

வேலையைக் கட்டிப்போட முயன்ற சட்டங்கள் கண்ட பலன் சொற்பம் என்பதை அமெரிக்காவின் இருபது ஆண்டு அனுபவம் காட்டுகிறது. தொழிலாளியைத் தாங்கிப் பிடிக்க இருந்த ஒரே சட்டம் கவனிப்பாரின்றிக் காலாவதியாயிற்று. போதிய முன்னறிவிப்பு, போதுமான ஈட்டுத்தொகை, அடுத்த வேலைக்கான பயிற்சி, காண்ட்ராக்ட் ஊழியருக்கும் இவற்றில் பங்கு: இவை பபலோ குமாஸ்தாவுக்கும் தேவை, பெங்களூர் காவலாளிக்கும் தேவை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது, வேலை செய்கிறவனைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது நல்லது. வேலை இருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது.