முயற்குட்டி வளர்ப்பு: வீட்டிற்கு வந்த முதல் இரு வாரங்கள்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் இல்லங்களிற் பிள்ளைகளின் விருப்பத்திற்காக ஒரு முயற்குட்டியைக் கொண்டுவந்து வளர்ப்பதுண்டு. முயல் சத்தமிடாத பிராணி; அதற்குப் பெரிய இடம் வேண்டியதில்லை; தோட்டத்துப் புல்லையே உண்டு வளரும்; மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல எருவும் தரும். எனினும் ஆசையோடு கொண்டுவந்த குட்டி சில நாட்களுள் இறந்துவிடுவதும் உண்டு. இவ்விறப்பு பட்டினியால் நேர்வதன்று. பராமரிப்பு இன்மையாலும் நேர்வதன்று. திடீரென மாற்றப்பட்ட உணவு, மருந்து தெளித்த இலை, கடும் வெப்பம் ஆகிய மூன்றுமே குட்டிக்குப் பெரும் பகைகளாம். கமக்காரர் இம்மூன்றையும் தடுக்கும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

வீட்டு முயலும் காட்டு முயலும்

நாம் வீட்டில் வளர்க்கும் முயல் குழிமுயல் இனத்தைச் சேர்ந்தது. அதன் மூதாதைகள் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகள் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் வாழ்ந்தவை. நமது சேனைகளிலும் பற்றைகளிலும் காணப்படும் காட்டு முயல் வேறோர் இனமாகும். குழிமுயற்குட்டி உரோமமின்றி, கண் மூடியவாறு பிறக்கும். ஏறக்குறையப் பத்து நாளிற் கண் திறக்கும். காட்டு முயற்குட்டியோ உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றது. தாய் அதனைப் பகலிற் புல்லுள் மறைத்துவிட்டு, இருட்டும் வேளையில் வந்து பாலூட்டிச் செல்லும். ஆகவே சேனை வெட்டும்போது தனித்துக் கிடக்கும் குட்டியைக் காண்பவர்கள் அது கைவிடப்பட்டதெனக் கருதி வீட்டிற்குக் கொண்டுவருதல் கூடாது.

குட்டியைத் தெரிதல்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்குதல் தவறு. மூன்றாம் வாரத்திலேயே குட்டி புல்லைக் கடிக்கத் தொடங்கினும், அதன் குடல் புல்லை முற்றாக ஏற்கும் நிலையை அடையப் பின்னும் சில வாரங்கள் செல்லும். தெளிந்த கண், உலர்ந்த மூக்கு, சுத்தமான பின்புறம், ஊக்கமான நடை ஆகியவை நல்ல குட்டியின் அடையாளங்கள். காதின் உட்புறத்தில் தடித்த பொருக்கு இருப்பின் அது சொறிப்பூச்சியின் குறியாகும்.

இரு குட்டிகளை வாங்குவோர் அவற்றின் பாலை நன்கு அறிந்த ஒருவரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். ஆணும் பெண்ணும் நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கத்திற்கு ஏற்றவையாகக்கூடும். கருக்காலமோ ஏறத்தாழ 31 நாட்களே. கவனியாதவர் வீட்டில் இரண்டு முயல்கள் விரைவிற் பத்தாகிவிடும்.

கூடு

ஒரு குட்டிக்கு 120 சதமமீற்றர் நீளமும் 60 சதமமீற்றர் அகலமும் 60 சதமமீற்றர் உயரமும் கொண்ட கூடு தொடக்கத்திற்குப் போதுமானது. குட்டி வளர்ந்தபின் இதனினும் பெரிய கூடு அமைத்தல் நன்று. நாள்தோறும் சில மணி நேரம் வேலியிட்ட இடத்தில் ஓடித்திரியவும் விடல் வேண்டும். கூட்டை நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்திற் கால்களின்மேல் நிறுத்துக. ஒவ்வொரு காலையும் நீர் நிறைந்த தகரப் பேணியில் வைத்தால் எறும்பு ஏறாது. பாம்பு, கீரி, பூனை ஆகியவை நுழையாதவாறு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சுற்றிலும் அடித்தல் அவசியம்.

கம்பிவலையை மட்டும் தரையாக அமைத்தால் முயலின் பாதம் புண்ணாகும். ஆதலால் கூட்டின் ஒரு பாகத்திலேனும் பலகை இட்டு, அதன்மேல் உலர்ந்த வைக்கோலைப் பரப்புக. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் ஆகாது. காலபோக மழையில் நனைந்த படுக்கையை அன்றே மாற்றுதல் வேண்டும். கொக்சிடியா எனும் குடல் நோயின் கிருமி ஈரத்திலேயே முதிர்ந்து தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றது. குட்டிகளைக் கூடுதலாகக் கொல்லும் நோய்களுள் இதுவும் ஒன்று.

உணவு

முயலின் குடல் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் சமிக்கச் செய்வது. இவ்வேலையைச் செய்பவை பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் வாழும் நுண்ணுயிர்கள். உணவு திடீரென மாறினால் இந்நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வயிறு ஊதி, கழிச்சல் உண்டாகும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. எனவே உட்சென்ற தீய உணவு வெளியேற வேறு வழி இல்லை.

குட்டியை வாங்கும்போது அது இதுவரை உண்ட உணவிலேயே ஒரு வாரத்திற்குப் போதுமான அளவைக் கேட்டு வாங்கி வருக. முதல் மூன்று நாட்களும் அவ்வுணவையே கொடுக்க. நான்காம் நாள் தொடக்கம் நாளுக்குச் சிறிதாகப் புதிய உணவைக் கலந்து, பத்து நாளில் மாற்றத்தை நிறைவு செய்க. பசும்பால், பாண், பிஸ்கட், சோறு ஆகியவை முயலுக்குரிய உணவல்ல.

உணவின் பெரும்பகுதி புல்லாக இருத்தல் வேண்டும். கினிப்புல்லை வெட்டி நிழலில் உலர்த்தி, எந்நேரமும் கூட்டில் இருக்குமாறு வைக்க. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. முன்பற்கள் ஓராண்டில் ஏறக்குறைய 10 சதமமீற்றர் வளரும். நார்ப்புல்லை அரைப்பதனாலேயே அவை தேய்கின்றன. முருங்கையிலை, வல்லாரை, கொத்தமல்லி ஆகியவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சிறிதளவு சேர்க்கலாம். கரட் கிழங்கு இனிப்பு மிகுந்ததாகையால் ஒரு சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். கோவா இலையை மிகுதியாகக் கொடுப்பின் வயிறு ஊதக்கூடும்.

மரவள்ளியிலை, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இலை தண்டு, வெங்காயம், ஆனைக்கொய்யா எனப்படும் அவகாடோ ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்கலாகாது. இப்பில் இப்பில் இலையை மிகுதியாக உண்ட முயலுக்கு அதிலுள்ள மிமோசின் எனும் நஞ்சினால் உரோமம் உதிரும்.

சுத்தமான நீரைக் கனமான மட்பாத்திரத்தில் எந்நேரமும் வைத்தல் வேண்டும். பச்சை இலை உண்பதால் நீர் தேவையில்லை என்பது தவறான எண்ணமாகும்.

மருந்து தெளித்த இலை

கமக்காரர் வீட்டு முயலுக்கே உரிய ஆபத்து இதுவாகும். போஞ்சி, கத்தரி, கோவா ஆகிய பயிர்களுக்குப் பீடைநாசினி தெளித்த தோட்டத்திற் பிள்ளை ஒரு பிடி இலையைப் பறித்து முயலுக்கு ஊட்டக்கூடும். வயல் வரம்பிற் களைநாசினி பட்ட புல்லும் பார்வைக்குப் பச்சையாகவே சில நாட்கள் நிற்கும். ஒரு கிலோகிராம் நிறையும் இல்லாத குட்டிக்கு மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவு நஞ்சும் கேடு விளைவிக்கலாம். மருந்துப் போத்தலின் சிட்டையிற் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் மனிதர் உண்ணும் விளைபொருளுக்கென விதிக்கப்பட்டவை. முயற்குட்டியின் தீனிக்கு அவற்றை அளவாகக் கொள்ளற்க.

இதற்குச் சிறந்த வழி முயலுக்கெனத் தனிப்பாத்தி அமைத்தலாகும். வீட்டிற்கு அண்மையில், மருந்து தெளிக்கும் நிலத்தினின்று காற்றும் நீரும் வந்து சேராத பக்கத்தில், மூன்று மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள பாத்தியிற் கினிப்புல்லை நடுக. அருகே ஒரு முருங்கைத் தடியையும் ஊன்றுக. இப்பாத்தியைத் தவிர வேறெங்கும் முயலுக்கு இலை பறிக்கக்கூடாது எனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

வெப்பம்

தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், இந்திய மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று முயல்களையும் வளர்த்து வருகின்றது. அவ்விடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரத்திலுள்ள குளிர்ந்த பிரதேசமாகும். களுகங்கை நீர்த்தேக்கத்தைச் சார்ந்த பல்லேகமப் பகுதியோ நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தே தாழ்ந்து கிடப்பது. சிறுபோக மாதங்களில் வெயில் கடுமையாகும். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகவே உடலின் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகின்றது. 30 பாகை செல்சியசைக் கடந்தால் அதற்குத் துன்பம் தொடங்கும்.

எனவே கூட்டை மாமரம் அல்லது பலாமர நிழலில் வைத்து, கூரையைக் கிடுகினால் வேய்க. தகரக் கூரை ஆகாது. முயல் மூச்சிரைத்து நீட்டிக் கிடப்பின் உடனே குளிர்ந்த இடத்திற்கு மாற்றி, காதுகளை ஈரத்துணியால் நனைக்க. நீருள் அமிழ்த்துதல் கூடாது.

தூக்கும் முறை

காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமையும் ஆபத்துமாகும். ஒரு கையை மார்பின் கீழும் மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குக. பின்னங்கால்கள் தொங்கினால் முயல் உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். முதல் மூன்று நாட்களும் குட்டியைத் தூக்காது, அருகில் அமர்ந்து புல் நீட்டுவதே போதும்.

நோய்க் குறிகள்

இரவிலோ அதிகாலையிலோ முயல் தன் பின்புறத்தினின்று மென்மையான ஒருவகை எச்சத்தை எடுத்து உண்ணும். இது நோயன்று, தனக்கு வேண்டிய உயிர்ச்சத்துகளை அது பெறும் முறையாகும். பின்வருவனவே அஞ்சத்தக்க குறிகள்:

1. அரை நாளாக உணவு உண்ணாமை அல்லது எச்சம் இடாமை.
2. வயிறு ஊதிப் பல்லை நறநறவெனக் கடித்தல்.
3. நீராகக் கழிதல்.
4. தலை ஒருபுறம் சாய்தல்.
5. அழுக்கடைந்த பின்புறத்தில் ஈ மொய்த்தல். ஈயின் முட்டை ஒரு நாளுள் புழுவாகிச் சதையைத் தின்னத் தொடங்கும்.

இவற்றுள் ஒன்றைக் காணினும் மறுநாள் வரை பொறுத்திராது பிரதேச அரச மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். வீட்டிலுள்ள மருந்தைக் கொடுத்தல் பெரும் பிழையாகும். மனிதர் விழுங்கும் பெனிசிலின், அமொக்சிசிலின் ஆகிய மருந்துகளை வாய்வழி கொடுப்பின் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து அது இறக்கக்கூடும். நாயின் உண்ணிக்குப் பூசும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சாம்.

நாளாந்த வேலை

காலையில் நீரை மாற்றி, பழைய இலையை அகற்றிப் புல் வைக்க. எச்சத்தின் அளவை நோக்குக. முயலின் சுகம் அதிலேயே முதலில் வெளிப்படும். மாலையில் மீண்டும் புல் வைத்து, பின்புறத்தையும் காதையும் பார்வையிடுக. கூட்டின் கீழ்ச் சேரும் எச்சத்தைக் குப்பையெருக் குழியில் இட்டால் அடுத்த போகத்து மரக்கறிப் பாத்திக்கு உதவும்.

நன்கு பேணப்படும் முயல் எட்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். குட்டியை வாங்குமுன் கூட்டை அமைத்து, புற்பாத்தியை நட்டு, அது வேரூன்றித் தழைத்த பின்னரே குட்டியைக் கொண்டு வருக.