மருந்தைக் கொடுப்பவர் கற்க வேண்டியது

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு அவர் நின்றுவிடவில்லை. அருகிருந்து மருந்தை அளிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காமவரை எவ்வாறு பயிற்றுவிப்பது என்னும் வினா, பிள்ளைகளைப் பார்மசிப் படிப்பில் சேர்க்க எண்ணும் நம் குடும்பங்களுக்கும், மருந்துக்கடைப் படியேறும் ஒவ்வொருவருக்கும் உரியதாகும்.

நம் முன்னோர் இவரைக் கம்பவுண்டர் என்றழைத்தனர். மருத்துவரின் சீட்டைப் பார்த்துக் கலவை கலக்கும் கைப்பழக்கமே அவருடைய கல்வி. 1930-இல் அமைந்த சோப்ரா குழு, தரமற்ற மருந்துகள் நாட்டில் மலிந்திருந்ததை எடுத்துக்காட்டியது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராப் இக்கல்விக்கு வித்திட்டார்; 1937-இல் அங்கே பட்டப்படிப்பும் தொடங்கிற்று. மருந்தைச் செய்யவும் சோதிக்கவும் வல்லவரை உருவாக்குவதே அன்றைய நோக்கம். 1948-இல் பார்மசிச் சட்டம் பிறந்து, படித்துப் பதிவு பெற்றவரே மருந்து வழங்க வேண்டும் என்ற நெறியை நாட்டிற்கு அளித்தது.

இன்று கலக்கும் வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அட்டையில் வரும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்கு இரண்டாண்டு டிப்ளமாவும் நான்காண்டுப் பட்டமும் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டே விடையளிக்கும். மூட்டுவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உண்டு. சீட்டு தெளிவின்றி எழுதப்பட்டிருக்கலாம். நோயாளி பிறழ உணர்ந்திருக்கலாம். அப்பிழையைக் கடைசியாகத் தடுக்கக்கூடியவர் மருந்தாளுநரே.

ஆதலின் இக்கல்வியின் உயிர்நாடி, மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதன்று. ஐயம் தோன்றிய இடத்தில் கையை நிறுத்தக் கற்பதேயாகும். விளக்கணைந்த கைகாட்டியைக் கண்டால் வழி திறந்திருக்கிறதெனக் கொள்ளலாகாது என்பது ரயில்வேயில் விதி. மருந்துக்கடைக்கும் அதுவே பொருந்தும். நிறுத்துக, கேட்டறிக, பின்னரே கொடுக்க.

இப்பண்பு ஏட்டினால் மட்டும் வருவதில்லை. எனவேதான் டிப்ளமா மாணவர், தேர்வுக்குப் பின் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் மருந்தகத்தில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என விதித்துள்ளனர். 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பில் இறுதியாண்டு முழுவதும் பயிற்சிக்கே உரியது. மருந்தை எவ்வாறு உண்பது, என்ன தீங்கு நேரலாம் என்பவற்றை நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமையென 2015-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. செய்பொருளை நோக்கிய கல்வி, நோயாளியை நோக்கித் திரும்பியிருக்கிறது.

ஆயினும் அந்த 500 மணி நேரம் காகிதத்தில் மட்டும் நிறைவேறுமாயின், சான்றிதழ் சுவரில் தொங்க, வேறொருவர் கைதான் மருந்தை எடுக்குமாயின், கல்வி முழுதும் வீணே. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்குமுன் பார்மசிக் கவுன்சிலின் ஒப்புதல் உண்டா, நேரடிப் பயிற்சி எம்மருந்தகத்தில் என்ற இரண்டையும் பெற்றோர் கேட்டறிதல் நன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மேலும் ஒரு பொறுப்புண்டு. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் தாய்தந்தையர்க்கு இந்தியோ மராத்தியோ தெரியாதிருக்கலாம். மருந்தாளுநர் எத்துணைப் பொறுமையுடன் விளக்கினும் அது அவர்தம் செவிக்கு எட்டாது. ஆகையால் அவர்களைத் தனியே கடைக்கு அனுப்பாமல் உடன் செல்லுங்கள். எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாள் என்று கேட்டு, அட்டையின் மேலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். வினவுகின்ற வாடிக்கையாளரே நல்ல மருந்தாளுநரை உருவாக்கும் இறுதி ஆசிரியர்.