நாய்க்குட்டியின் கூண்டில் தண்ணீர் வைக்கலாமா?

வீட்டுக்குள் வளர்க்கும் நாய்க்குட்டியைச் சிலர் கம்பிக் கூண்டில் விட்டுப் பழக்குகிறார்கள். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது. கூண்டைத் திறந்ததும் வெளியே அழைத்துச் சென்றால், சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்தை அது விரைவில் அறிந்துகொள்ளும். இம்முறை நல்லதுதான். ஆனால் 'கூண்டில் தண்ணீர் வைக்காவிட்டால் சிறுநீரே வராதல்லவா?' என்று சிலர் எண்ணுகிறார்கள். இது சரியா?

உணவிலுள்ள புரதம் சிதையும்போது யூரியா என்னும் கழிவுப்பொருள் உண்டாகிறது. அதை நீரில் கரைத்து வெளியேற்றுவது சிறுநீரகங்களின் வேலை. குட்டி தண்ணீர் குடிக்காவிட்டாலும் இவ்வேலை நிற்பதில்லை. உடலிலுள்ள நீரே செலவாகிறது. வளர்ந்த நாயின் சிறுநீரகங்கள் நீரை மீட்டுக்கொண்டு, அடர்த்தியான சிறுநீரைச் சிறிதளவே வெளிவிடும். இளங்குட்டியிடம் இத்திறமை முழுமை பெற்றிருப்பதில்லை. மேலும், தாகத்தோடு வெளியே வரும் குட்டி ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்துவிடும். சிறிது நேரத்தில் சிறுநீர்ப்பை நிரம்பிவிடும். கூண்டு உலர்ந்திருந்தது, கூடமோ நனைந்துவிட்டது!

இதைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. இதன்படி, 3 கிலோ எடையுள்ள குட்டியிடமிருந்து 30 மில்லிலிட்டர் நீர் ஆவியானால், அதன் உடலைச் சுமார் 7 டிகிரி செல்சியஸ் சூடாக்கக்கூடிய வெப்பம் வெளியேறிவிடும். இரண்டு மேசைக் கரண்டி நீருக்கு எவ்வளவு ஆற்றல் பாருங்கள்!

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊரான புதுப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். வேலூரில் வெயில் கடுமை. ஆனால் கோடையில் காற்று உலர்ந்திருக்கும். புதுப்பட்டினத்திலோ கடற்காற்றில் ஈரம் அதிகம். ஈரக்காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாகும். ஆகவே இங்கே குட்டி நெடுநேரம் இரைக்க வேண்டியிருக்கும். கத்திரி வெயில் நாளில், மின்விசிறியும் நின்றுபோன அறையில், பூட்டிய கூண்டுக்குள் தண்ணீர் இல்லாவிட்டால் அது உயிருக்கே உலை வைக்கும். மூக்கு சப்பையான பக் வகைக் குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். பகலில் கூண்டின் கம்பியில் கவிழாதபடி ஒரு கிண்ணத்தை மாட்டி வையுங்கள். குட்டியின் வயதை மாதத்தில் கணக்கிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். ஏறக்குறைய அத்தனை மணி நேரந்தான் அதனால் சிறுநீரை அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். தூங்கி எழுந்ததும், உண்டதும், குடித்ததும், விளையாடியதும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். இரவில் கடைசியாக ஒருமுறை வெளியே விட்டபின் படுக்க வையுங்கள். புழுக்கமான இரவில் கிண்ணம் கூண்டிலேயே இருக்கட்டும்.

ஈறு உலர்ந்திருந்தாலும், கழுத்துத் தோலை இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலும் உடலில் நீர் குறைந்துள்ளது என்று அறியலாம். கடுமையாக இரைத்துத் தள்ளாடினால், சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

நனைந்த தரையைத் துடைத்துவிடலாம். வறண்ட உடலை மீட்பது அவ்வளவு எளிதன்று.