எம்.பி.ஓ. நொதியும் ஒளிரும் எதிர்ப்பொருள் பரிசோதனையும்: அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

இரத்தம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் பரிசோதனை அறிக்கைகள் சிலவற்றில் ‘எம்.பி.ஓ.’ என்னும் குறிப்பு காணப்படும். மைலோபெராக்சிடேஸ் என்னும் நொதியின் சுருக்கப் பெயர் இது. முற்றிலும் வேறான இரு பரிசோதனைகளில் இப்பெயர் இடம்பெறுவதால், நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் குழப்பமடைய நேரிடுகிறது. அவ்வேறுபாட்டை இப்பக்கம் விளக்குகிறது.

எம்.பி.ஓ. என்பது யாது?

நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்களின் உள்ளே அமைந்த நுண்மணிகளில் இந்நொதி மிகுதியாக உள்ளது. கிருமிகளை எதிர்க்கும்போது, இது ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உருவாக்குகிறது. வெளுப்புத்தூள் கரைசலுக்குக் கிருமிநாசினி ஆற்றலைத் தருவதும் இவ்வமிலமே. நொதி பச்சை நிறமுடையது. சீழ் பச்சை நிறமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அழற்சி கட்டுக்கடங்காமல் போனால், இதே நொதி உடலின் திசுக்களுக்கும் தீங்கு விளைவிக்கும்.

நொதியை எவ்வாறு கண்டறிகின்றனர்?

எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஓர் இலக்குடன் மட்டும் பொருந்தி ஒட்டிக்கொள்ளும் புரதம். அதனுடன் ஒளிரும் சாயத்தை இணைத்தால், இலக்கு எங்குள்ளது என்பதைக் காண இயலும். இம்முறையை ஆல்பர்ட் கூன்ஸ் 1941ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். ஒரே வகை எதிர்ப்பொருளைப் பேரளவில் உருவாக்கும் வழியைக் கோலர், மில்ஸ்டீன் ஆகியோர் 1975இல் கண்டறிந்தனர்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் பரிசோதனையில், நொதி அணுவின் உள்ளே இருப்பதால், முதலில் அணுவின் சவ்வு வேதிப்பொருளால் ஊடுருவத்தக்கதாக்கப்படுகிறது. பின்னர் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் சேர்க்கப்பட்டு, அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரின் முன் செலுத்தப்படுகின்றன. ஃப்ளோரசீன் வகைச் சாயம் 488 நானோமீட்டர் நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியை வெளியிடும். அவ்வொளியைக் கருவி அளவிடுகிறது. எதிர்ப்பொருள் நோயாளியின் உடலில் செலுத்தப்படுவதில்லை. எடுக்கப்பட்ட மாதிரியில் மட்டுமே சேர்க்கப்படுகிறது.

இரத்தப் புற்றுநோயில் இதன் பயன்

கடுமையான இரத்தப் புற்றுநோயில் மைலாய்டு, லிம்போபிளாஸ்டிக் என இரு முதன்மை வகைகள் உள்ளன. இவற்றின் சிகிச்சை வெவ்வேறானது. முதிர்ச்சியடையாத பிளாஸ்ட் அணுக்களில் எம்.பி.ஓ. தெளிவாகக் காணப்படுவது மைலாய்டு வகையைச் சுட்டும் வலுவான சான்றாகும்.

• நலமான நியூட்ரோபில்களிலும் எம்.பி.ஓ. இருக்கும். ஆகவே, எந்த அணுக்களில் காணப்பட்டது என்பதே முக்கியம்.
• மைலாய்டு வகையின் சில உட்பிரிவுகளில் எம்.பி.ஓ. காணப்படாமலும் இருக்கலாம். ‘எதிர்மறை’ என்ற முடிவு மட்டும் அவ்வகை இல்லை என்பதை உறுதிப்படுத்தாது. சி.டி.19, சி.டி.33 போன்ற பிற குறியீடுகளுடன் இணைத்தே முடிவு செய்யப்படும்.
• புரோமைலோசைட்டிக் என்னும் உட்பிரிவில் எம்.பி.ஓ. மிகுந்த ஒளிர்வுடன் காணப்படும். இதில் உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். ஆகவே, இந்நோய் என ஐயம் எழுந்தாலே, மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.

பெயர் ஒன்று, பரிசோதனை வேறு

‘எம்.பி.ஓ. – ஆன்கா’ என்னும் பரிசோதனை மேற்கூறியதன்று. இதில் தேடப்படுவது நொதி அன்று. நொதிக்கு எதிராக நோயாளியின் உடலே உருவாக்கிய எதிர்ப்பொருள். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பாதிக்கும் சிலவகை இரத்தக்குழாய் அழற்சியில் இது காணப்படும். ஹைட்ரலசின், புரோப்பில்தயோயூரசில் போன்ற மருந்துகளாலும் இம்முடிவு நேர்மறையாக வரலாம். எனவே, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்’

எதிர்ப்பொருள்கள் பலவற்றின் குப்பியில் இக்குறிப்பு இருக்கும். ஆய்வகத்தில் அழற்சியைப் பற்றி அறிய அவை பயன்படுகின்றன. நோயறிதலுக்கு உரியவையாக அவை விற்கப்படுவதில்லை. அத்தகைய ஆய்வுச் செய்திகளை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• அளவிடப்பட்டது நொதியா, அதற்கு எதிரான எதிர்ப்பொருளா?
• எந்த அணுக்களில் எம்.பி.ஓ. காணப்பட்டது?
• இம்முடிவை உறுதிசெய்ய வேறு பரிசோதனை தேவையா?

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஈறு அல்லது மூக்கிலிருந்து நிற்காத இரத்தக்கசிவு, தோலில் திடீரெனத் தோன்றும் செந்நிறப் புள்ளிகள், இருமலில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், மூச்சுத்திணறல், குறையாத காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அறிக்கைக்காகக் காத்திராமல் மருத்துவமனையை அணுகவும்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று.