10,000 வாலா உதிரியாகும் நேரம்

சுருட்டிக் கட்டிய 10,000 வாலாவைப் பிரித்துப் போட்டால் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புரத ஆய்வகத்திலும் அதே கூத்துதான். வாங்க, எட்டிப் பார்ப்போம்!

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஊறிக் கிடக்கும் புரதத்தை எடுக்க, அதை உடைக்கிறார்கள். உடைத்ததுதான் தாமதம், கலங்கலாக ஓடிக்கொண்டிருந்த கரைசல் கொழகொழ! பிப்பெட்டைத் தூக்கினால் நூல்நூலாக இழுபடும், சொட்ட மறுக்கும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும். குற்றவாளி டி.என்.ஏ. இரண்டு மைக்ரான் உடம்புக்குள் சுருண்டிருந்தது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இழை. கோடிக்கணக்கான சரங்கள் ஒரே நேரத்தில் அவிழ்ந்தால் கேட்கவா வேண்டும்?

இப்போது வருகிறது பென்சோனேஸ், டி.என்.ஏ.வை வெட்டும் நொதி. துளியளவு விட்டு இளஞ்சூட்டில் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழகொழப்பு இளகித் தண்ணீராகிறது. சரம் முழுக்க உதிரி. இரண்டிலிருந்து ஐந்து டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டுகள். புரதத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை! இந்த நொதி ஓட மெக்னீசியம் வேண்டும். ஆமாம், பட்டாசுக்காரருக்குப் பழக்கமான அதே மெக்னீசியம், இங்கே உப்பாக. பழக்கதோஷத்தில் கரைசலில் ஈ.டி.டி.ஏ. சேர்த்திருந்தால் அது மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். நொதி சும்மா கிடக்கும், மாணவர் தலையைச் சொறிவார்.

இந்த நொதியின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. குளியலறை ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் படர்கிறதே, செராஷியா மார்சசென்ஸ், பெரும்பாலும் அந்தப் பாக்டீரியாதான். நொதிக்கான மரபணுவை அதிலிருந்து எடுத்து ஈ.கோலையில் வைத்துத் தயாரிக்கிறார்கள்.

2021-ல் நம்மில் எத்தனையோ பேர் கையில் ஏறிய கோவிஷீல்டு நினைவிருக்கிறதா? ஆக்ஸ்போர்டு வடிவமைத்த தடுப்பூசி அது. மனித செல்களில் தடுப்பூசிக்கான வைரஸை வளர்த்து, செல்களை உடைத்து, நியூக்ளியேஸ் என்ற இதே வகை நொதியை விட்டுத்தான் அதைச் சுத்தம் செய்தார்கள். வைரஸுக்குள்ளும் டி.என்.ஏ.தானே இருக்கிறது, அதையும் நறுக்கிவிடாதா? நறுக்காது! அது புரத ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, நொதியால் நுழைய முடியாது. வெளியே சிதறியதுதான் மாட்டும். செல்களில் தயாராகும் இத்தகைய தடுப்பூசிகளில், ஒரு டோஸில் மிஞ்சும் செல் டி.என்.ஏ. 10 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரு கிராமைப் பத்துக் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு!

வெட்டி முடித்த நொதியும் ஒரு புரதம்தானே? ஆகவே அதுவும் இப்போது அழுக்குக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. குரோமட்டோகிராஃபி குழாயில் ஓடவிட்டு அதைப் பிரித்துத் தள்ளி, போய்விட்டதா என்று பார்க்கத் தனியாக எலைசா சோதனையும் வைத்திருக்கிறார்கள்.