குழந்தை பிறந்த பிறகும் பிபி எகிறுமா? தாய்மார்கள் அலட்சியப்படுத்தக் கூடாத தலைவலி!

பிரசவம் முடிஞ்சாச்சு, தாயும் சேயும் நலம், இனி பயமில்லை... பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், கர்ப்ப காலத்தில் பிபி நார்மலாக இருந்த பெண்ணுக்கும், குழந்தை பிறந்த பிறகு முதல்முறையாக அது எகிறலாம். முதல் 48 மணி நேரத்தில் ஆபத்து அதிகம். ஆனாலும் 6 வாரம் வரை கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன்?

கர்ப்பத்தின்போது உடலில் சேர்ந்த நீர், பிரசவத்துக்குப் பின் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. இதனால் பொதுவாக 3 முதல் 6 நாட்களுக்குள் பிபி உச்சத்தைத் தொடும். அதற்குள் பலர் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்கள். தலை வலித்தால், 'ராத்திரி தூக்கம் இல்ல, அதான்' என்று விட்டுவிடுவதும் இங்கேதான் நடக்கிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

தாங்கும் அளவைத் தாண்டி அழுத்தம் ஏறினால், ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து மூளை வீங்கும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது மூளையின் பின்பகுதி. பார்வைக்கான மையம் அங்குதான் இருக்கிறது. கண் மங்குவது இதனால்தான். 'பிரெஸ்' எனப்படும் இந்தப் பாதிப்பு, உடனே சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலிப்பு வந்தால் அது 'எக்லாம்சியா'. ஊர்ப்பக்கம் ஜன்னி என்பார்கள். ரத்தக் குழாய் வெடித்தால் பக்கவாதம், உயிரிழப்பு வரை போகலாம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே பிபி பாருங்க

• மாத்திரை போட்டும் குறையாத தலைவலி
• பார்வை மங்குதல், கண்முன் மின்னல் போல தெரிதல்
• வலது மேல் வயிற்றில் வலி
• மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு

140/90-ஐ தொட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் பிபியைக் குறைக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

வலிப்பு வந்தால்?

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சை இருக்கிறதா?

மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைத் தடுக்கும். வலிப்பு வரும் ஆபத்தை இது பாதிக்கும் மேல் குறைப்பதாக, 2002-ல் வெளியான 'மேக்பை' ஆய்வு காட்டியது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய பிபி மாத்திரைகளும் உண்டு. அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

முக்கியமாக, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆச்சு' என்பதை முதலிலேயே சொல்லிடுங்க. வெறும் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பாமல் இருக்க, அந்த ஒரு தகவல் உதவும்.